முன்சுவரை மட்டும் விட்டு உடைத்தால் அது திருத்தவேலையா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா 1958இல் வாங்கிய ஓட்டு வீடு. எழுபதுகளில் பின்பக்கம் ஸ்லாப் போட்டு இரண்டு அறைகள் சேர்த்தார். காணி ஒன்பதரைப் பேர்ச்சஸ், முகப்பு 30 அடி, நடுவில் சின்ன முற்றம் உண்டு. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும் இருக்கிறோம். தம்பி டொரொண்டோவில், தங்கச்சி லண்டனில். பின்பக்க ஸ்லாப்பிலிருந்து இப்போது கொங்கிறீட் துண்டு துண்டாக விழுகிறது. முழுவதையும் உடைத்துவிட்டு மூன்று தட்டாகக் கட்டி, ஆளுக்கொரு தட்டு எடுக்கலாம் என்று பேசிக்கொள்கிறோம். மேசன் பாஸ், “முன்சுவரை மட்டும் விட்டு உடைத்தால் அது திருத்தவேலைதான், அனுமதி தேவையில்லை, மே மாத மழைக்கு முதல் தொடங்கிவிடலாம்” என்கிறார். மாமா, “கடலிலிருந்து 100 மீற்றருக்குள் ஒன்றும் கட்ட விடமாட்டார்கள், உடைத்தால் வெறும் காணிதான் மிஞ்சும்” என்கிறார். பக்கத்து வீட்டார், “மாநகர சபை அனுமதி மட்டும் போதும்” என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: பாஸ் சொல்வது முழுப்பிழை. மாமா சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டார் சொல்வது பாதி. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இந்த மூன்றையும்விடப் பெரியது: அந்த வீட்டை முழுவதுமாக உடைக்கத்தான் வேண்டுமா? அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பாஸின் யோசனை. காலி வீதிக்குக் கீழே உள்ள ஒழுங்கைகளில் இந்தப் பேச்சு நெடுநாளாக உலவுகிறது. முன்னால் ஒரு சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சோடு நிற்கும், அதற்குப் பின்னால் தகரம் அடித்து மறைத்துப் புதுத் தூண்கள் எழும்பும். சட்டத்தில் அப்படி ஓர் ஓட்டை இல்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், கட்டடத்தை எழுப்புவதையும் மீள எழுப்புவதையும் ஒரே வசனத்தில் சொல்லி, இரண்டுக்கும் அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும் என்கிறது. கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கும் அதே சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. நூறு வருடத்துக்கு மேல் பழைய சட்டம், ஆனால் மாநகர சபை இன்றைக்கும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறது. அதற்கு மேல், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், ‘அபிவிருத்தி நடவடிக்கை’ என்பதற்குள் மீள எழுப்புவதையும் பயன்பாட்டை மாற்றுவதையும் சேர்த்துவிட்டது. ஒரு சுவர் நிற்கிறதா நாலு சுவர் நிற்கிறதா என்று யாரும் எண்ணப் போவதில்லை.

பிடிபடாமல் கட்டி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்து என்ன? பிடிபட்டால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் உடைப்புக் கட்டளை எடுப்பார்கள். பிடிபடாவிட்டாலும் கதை முடிவதில்லை. கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ், அதாவது எல்லோரும் ‘சீஓசி’ என்று சொல்கிற காகிதம், வாங்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாத கட்டடத்துக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? அது இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. நாளைக்குத் தங்கச்சி தன் பங்கை விற்க நினைத்தால், வாங்க வருகிறவரின் சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

காகிதத்தை விடுங்கள், அந்தச் சுவரையே பாருங்கள். அந்தக் காலத்து வீடு என்றால் அநேகமாகக் கபுக் கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட சுவரைப் பிடித்து வைத்திருப்பது கூரையின் பாரமும் அதோடு சேரும் குறுக்குச் சுவர்களும்தான். அவற்றை எடுத்துவிட்டு, 30 அடி நீளச் சுவரைத் தனியாக ஒழுங்கையோரம் நிறுத்தி, அதன் காலடியில் புது அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டச் சொல்கிறார் உங்கள் பாஸ். அந்த ஒழுங்கையால் ட்யூஷனுக்குப் போகிற பிள்ளைகளும் மீன்காரரும் போய்வருவார்கள். இந்த யோசனைக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

இனிப் பக்கத்து வீட்டார். மாநகர சபை அனுமதி வேண்டும் என்பது சரி. அதோடு முடிந்துவிடும் என்பதுதான் தவறு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருகும்போது நீர் சராசரியாக எட்டும் கோட்டிலிருந்து, தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அந்த வலயத்துக்குள் கட்டடம் கட்டுவதற்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் தேவை. 2011இல் வந்த திருத்தத்தோடு திணைக்களத்தின் பெயர் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் என்று நீண்டுவிட்டது. கொள்ளுப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை வரை, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வீடுகளில் பெரும்பகுதி இந்த 300 மீற்றருக்குள் விழுகிறது. கடலே தெரியாத வீட்டில் இருந்துகொண்டு, “நாங்கள் எங்கே கரையோரம்?” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒழுங்கைப் பக்கம் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலோடு சேர்கிற நீர்நிலைகளின் வழியாக இந்த வலயம் உள்ளேயும் போகிறது. கடலோடு சேரும் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரை அந்த நீர்நிலையும், 2011 திருத்தத்துக்குப் பிறகு அதன் ஓரத்தில் 100 மீற்றர் நிலமும் சேரும். வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் ஓரத்தில் வீடு உள்ளவர்கள் காலி வீதிக்கு மேற்பக்கம் இருந்தாலும் கிழக்குப்பக்கம் இருந்தாலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் மாமாவின் 100 மீற்றர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்த பிறகு அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடம் கூடாத ஓர் எல்லையை அறிவித்தது. வீடிழந்த சனம் எங்கே போவது என்ற கேள்வி எழுந்து, கொஞ்ச காலத்துக்குள்ளேயே அதைத் தளர்த்த வேண்டி வந்தது. ஆனால் அந்த எண் மட்டும் சனத்தின் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் காணி விலை பேசுகிற இடங்களில், “100 மீற்றருக்குள்ளே, ஒன்றும் கட்ட ஏலாது” என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. உங்கள் மாமா அப்படிப்பட்ட ஆள் இல்லை, உண்மையாகவே பயப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போதைய முறை வேறு. திணைக்களத்தின் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கடலிலிருந்து விட வேண்டிய தூரத்தை, அதாவது விலகல் தூரத்தை, சொல்கிறது. கரை எவ்வளவு அரிக்கிறது, பாறை போட்டுப் பாதுகாத்திருக்கிறதா, கரையில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் சேரும். அந்தத் தூரத்துக்குள்ளும் இரண்டு பட்டிகள் உண்டு: கடலை ஒட்டியதில் கட்டடமே கூடாது, அதற்குப் பின்னால் உள்ளதில் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் அனுமதிக்கலாம். அப்படியொரு திட்டம் 2018இல் வந்தது.

இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். 300 மீற்றர் என்பது அனுமதி கேட்க வேண்டிய எல்லை. விட வேண்டிய தூரம் அதைவிட மிகக் குறைவு, அதற்குள்தான் கட்டுவதற்குத் தடையும் கட்டுப்பாடும். வெள்ளவத்தையில் கடல், அதற்குப் பிறகு அலைக்குப் போட்ட பாறை, தண்டவாளம், மரைன் டிரைவ், இவ்வளவும் தாண்டித்தான் உங்கள் ஒழுங்கை தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கு நான் எதிர்பார்ப்பது இது: அனுமதிப் பத்திரம் கட்டாயம் வேண்டும், விலகல் தூரம் தலையிடாது. எதிர்பார்ப்பு எதிர்பார்ப்புத்தான், கையில் காகிதம் வரும்வரை அதை நம்பி ஒரு ஓட்டையும் கழற்றாதீர்கள். மாளிகாவத்தைச் செயலகக் கட்டடத்தில் உள்ள திணைக்களத்துக்கு உங்கள் சர்வே பிளானைக் கொண்டுபோய் நேரில் கேளுங்கள். உயர்நீர்க் கோடு என்பது நீங்கள் கடற்கரையில் நின்று பார்க்கிற ஈரமணல் அல்ல. அதைக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டாம், நாடா பிடிக்கவும் வேண்டாம். உங்கள் காணியைச் சர்வேயரைக் கொண்டு அந்தக் கோட்டோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

தெஹிவளை, கல்கிசைப் பக்கம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் வீடு உள்ளவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு விலகல் தூரமும் தலையிடும், ரயில்வே ஒதுக்கு நிலமும் தலையிடும். அங்கே பழைய வீட்டை உடைத்தால் மாமா சொன்னதே நடக்கக்கூடும். போகப்போவது எவ்வளவு என்று தெரியாமல் உடைக்கவே கூடாத வீடுகள் அவை.

சரி, மாநகர சபை. உங்களுக்கு உண்மையான இழப்பு கடற்பக்கத்திலிருந்து வரப்போவதில்லை, ஒழுங்கைப் பக்கத்திலிருந்துதான் வரும். பழைய வீடுகளின் முன் விறாந்தையும் போர்ட்டிகோத் தூணும் பெரும்பாலும் மதிலை ஒட்டியே நிற்கும். அவை கட்டிய காலத்தில் ஒழுங்கை அவ்வளவுதான். இப்போது மாநகர சபை ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ‘ஸ்ட்ரீட் லைன்’ வைத்திருக்கிறது, எதிர்காலத்தில் ஒழுங்கையை அகலிக்க இவ்வளவு வேண்டும் என்று. சில இடங்களில் அதற்குப் பின்னால், கட்டடம் தாண்டக்கூடாத ‘பில்டிங் லைன்’ என்று இன்னொரு கோடும் உண்டு. பழைய வீடு அந்தக் கோட்டைத் தாண்டி நின்றாலும், நிற்கிறவரை நிற்கும். உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டும்போது அந்த இடம் உங்களுக்கு இல்லை. “முதல் இங்கேதானே இருந்தது” என்ற வாதம் எடுபடாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்பதரைப் பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 2,586 சதுர அடி. முகப்பு 30 அடி என்றால் ஆழம் சுமார் 86 அடி. ஸ்ட்ரீட் லைன் 4 அடி உள்ளே வருகிறது என்று வைப்போம்: 120 சதுர அடி போயிற்று. பின்னால் 10 அடி திறந்தவெளி விட வேண்டும் என்று வைப்போம்: இன்னும் 300. மிச்சம் 72 அடி நீளம். அதிலும் முழுவதையும் மூட முடியாது. சாதாரணக் குடியிருப்புக்குக் காணியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கட்டடம் பிடிக்கலாம், அதாவது 1,700 சதுர அடி சொச்சம். இது நான் வசதிக்காகப் போட்ட கணக்கு. உங்கள் ஒழுங்கையின் கோடு எத்தனை அடி என்பதை நகர மண்டபத்தில் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் எழுத்தில் தருவார்கள். அதோடு, காணி சபைக்குச் சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழையும் கேட்டு எடுங்கள். வங்கிக்கும் அவை வேண்டும். சோலைவரி நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு தரம் அலைய வேண்டி வரும்.

இப்போது மூன்று தட்டு, ஆளுக்கொன்று. கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று குடியிருப்பு என்றால் மூன்று வாகனத்துக்கு இடம் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள். ஒரு வாகனத்துக்கு வழக்கமான அளவு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம், அதாவது 8க்கு 16 அடி. மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தால் 24 அடி. உங்கள் முகப்பே 30 அடி. மிச்சம் 6 அடியில் மனிதர் நடக்க வேண்டும், மாடிப்படிக்கு வழி வேண்டும், இரண்டு பக்கச் சுவரின் தடிப்பும் அதற்குள்தான். ஆக நிலத்தட்டின் முன் 16 அடி முழுவதும் வாகனத்துக்குப் போய்விடும். அம்மா படியேற முடியாமல் கீழ்த்தட்டில் இருக்கப் போகிறவர் என்றால், அவருடைய அறை அதற்குப் பின்னால்தான். எல்லைச் சுவரில் ஜன்னல் வைக்க விடமாட்டார்கள். வெளிச்சம் பின்பக்க 10 அடியிலிருந்து மட்டும் வர வேண்டும். இப்போது உள்ள வீட்டில் அந்தச் சின்ன முற்றம் என்ன வேலை செய்கிறது என்று இப்போது விளங்கும். புதுவீட்டிலும் நடுவில் ஒரு வெளிச்சவெளியை விடாவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டுத்தான் இருக்க வேண்டும். கொழும்பில் அண்மையில் எழும்பிய குறுகிய மூன்று தட்டு வீடுகள் பலவற்றின் நடு அறைகளில் நான் காண்பது இதைத்தான்.

எத்தனை தட்டு, மொத்தம் எத்தனை சதுர அடி என்பதை மூன்று விஷயம் சேர்ந்து தீர்மானிக்கும்: நகர அபிவிருத்தித் திட்டத்தில் உங்கள் இடம் எந்த வலயம், காணியின் அளவு, ஒழுங்கையின் அகலம். மூன்றாவதைத்தான் சனம் மறந்துவிடுகிறது. மரைன் டிரைவில் பன்னிரண்டு தட்டு எழும்புவதைப் பார்த்து, நூறு அடி தள்ளி ஒழுங்கைக்குள் இருக்கிறவர் தனக்கும் அது கிடைக்கும் என்று நினைப்பார். கிடைக்காது. 2021இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளை உங்கள் ஆர்க்கிடெக்ட் வாசித்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 1986ஆம் ஆண்டு விதிகளின் நினைவிலேயே வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு வரைபடத்துக்குப் பணம் கொடுக்க முதல், பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்தால், உங்கள் காணியில் என்ன கட்டலாம் என்று எழுத்தில் பதில் வரும். அந்தச் செலவு வீணில்லை.

ஆளுக்கொரு தட்டு என்பதில் இன்னொரு முடிச்சு. மூன்று தட்டு கட்டிவிட்டால் மூன்று உறுதி எழுதலாம் என்று நினைக்காதீர்கள். காணி ஒன்றுதான், அது பிரிபடாத பங்காகவே இருக்கும். தட்டுக்குத் தனி உறுதி வேண்டுமானால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டப்படி தனி வரைபடம் பதிய வேண்டும், அதற்கும் சீஓசி வேண்டும். அதை வரைபட மேசையிலேயே யோசித்தால்தான் படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி எல்லாம் யாருடையவை என்பது ஒழுங்காக வரும். அண்ணன் தம்பிமார் மொட்டைமாடிக்காக வழக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறோம், அக்கா தங்கச்சி மட்டும் விதிவிலக்கா?

அதற்கும் முதல், உறுதியில் இன்னும் அப்பாவின் பெயர்தான் இருக்கிறதா? அப்படியானால் வேறு எதையும் தொட முதல் ஒரு சட்டத்தரணியிடம் போய், அம்மாவினதும் உங்கள் மூவரினதும் பெயருக்கு அதை ஒழுங்காக்குங்கள். தம்பிக்கும் தங்கச்சிக்கும் வர வசதியில்லை என்றால், அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் வேண்டும். வட்ஸ்அப்பில் “ஓம் அக்கா, செய்யுங்கோ” என்று வந்த செய்தி எந்தக் கவுண்டரிலும் செல்லாது.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்வி. உங்கள் கடிதத்தில் கொங்கிறீட் விழுவதாக எழுதியது பின்பக்க ஸ்லாப்பைப் பற்றித்தான், முன்வீட்டைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. இது தற்செயல் அல்ல. ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சாந்தும் உப்புக் காற்றுக்குத் தாக்குப் பிடிக்கும், கம்பி போட்ட கொங்கிறீட்தான் பிடிக்காது. கடல் உப்பு கொங்கிறீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டவுடன் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கம்பி வீங்கி அடியிலிருந்து கொங்கிறீட்டைத் தள்ளிவிடும். முதலில் கம்பி ஓடும் திசையில் மயிர்போல வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு தட்டை தட்டையாக விழும். விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்: கம்பியின் வரி அச்சு அதில் பதிந்திருக்கும். இன்னும் விழாத இடத்தில் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால், ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வருகிற பரப்பெல்லாம் உள்ளே பிரிந்துவிட்டது என்று பொருள். தட்டும்போது கீழே நிற்காதீர்கள், யாரையும் நிறுத்தவும் வேண்டாம். அந்த இரண்டு அறைகளிலும் இப்போது யாராவது படுக்கிறார்கள் என்றால் இன்றைக்கே இடம் மாறச் சொல்லுங்கள்.

பாஸைத் தவிர்த்து ஒரு பட்டய எஞ்சினியரைக் கூப்பிட்டுப் பின்பக்கத்தையும் முன்வீட்டின் சுவர், மரச்சட்டம், கறையான் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பகுதி நல்லது என்று அவர் எழுதித் தந்தால், என் விருப்பம் இது: பின்பக்கத்தை மட்டும் முறையாக அனுமதி எடுத்து உடைத்து, அங்கே இரண்டு தட்டு எழுப்புவது. முற்றம் மிஞ்சும். ஒழுங்கைப் பக்கக் கட்டடத்தைத் தொடாததால் விறாந்தைக்கு உடனே வினை வராது. அம்மா வேலை நடக்கிற காலத்தில் வாடகை வீடு தேடி அலைய வேண்டாம். இதற்கும் மாநகர சபையும் கரையோரத் திணைக்களமும் அனுமதி தர வேண்டும், அதில் சலுகை இல்லை. மூன்று தட்டுக் கனவு குறையும் என்பது உண்மை. தம்பியும் தங்கச்சியும் உண்மையிலேயே வந்து இருக்கப் போகிறார்களா, வருடத்தில் மூன்று கிழமை வந்து தங்கப் போகிறார்களா என்று நேராகக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பூட்டிக் கிடக்கும் தட்டில் உப்புக் காற்று இன்னும் விரைவாக வேலை செய்யும்.

எஞ்சினியர் முழுவதும் தேறாது என்றால் உடையுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். புதுக்கட்டடத்தில் கம்பிக்கு வெளியே கொங்கிறீட் தடிப்பு எவ்வளவு என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட 40 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கழுவாத கடல்மணலை வளவுக்குள்ளேயே எடுக்காதீர்கள். மழைநீர் சேகரிப்பும் அனுமதி வரைபடத்தில் இருக்க வேண்டும், 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புதுக்கட்டடங்களுக்கு அது விருப்பம் அல்ல, கடமை.

மே மழைக்கு முன் என்ற பேச்சை விடுங்கள். உறுதி, சர்வே, ஸ்ட்ரீட் லைன், பூர்வாங்க அனுமதி, வரைபடம், கரையோரத் திணைக்களம், மாநகர சபை என்று போகும்போது தென்மேல் பருவமழை தானாக வந்து போய்விடும். ஜனவரியில் காய்ந்த மண்ணில் அத்திவாரம் வெட்டுவது எவ்வளவோ மேல். அதுவரை பின்பக்க ஸ்லாப்புக்கு எஞ்சினியர் சொல்கிற இடத்தில் முட்டுக் கொடுத்து, மேலே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்கிற நாள் வரும்போது சில காரியம். பழைய வீட்டை உடைத்து எடுக்கிறவர்கள் சும்மா உடைப்பதில்லை. தேக்குக் கதவு, முதிரை நிலை, ஓடு எல்லாம் அவர்களுக்குப் பணம். ஆகவே நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும், எதை எடுக்கலாம் எதை விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இடிபாட்டை எங்கே கொட்டப் போகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இரவோடு இரவாகத் தண்டவாளத்துக்கு அப்பால் கொட்டினால் கரையோரச் சட்டத்தில் மாட்டப்போவது லொறிக்காரர் மட்டும் அல்ல. குசினிக் கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை முன்கூட்டியே துண்டித்து எடுங்கள். கழிவுநீர்க் குழாயின் மூடி வளவில் எங்கே இருக்கிறது என்று தேடி அடையாளம் வையுங்கள். வெள்ளவத்தையில் கழிவுநீர் நகரக் குழாயில்தான் சேர்கிறது, அதற்குள் ஒரு கூடை இடிபாடு விழுந்தால் ஒழுங்கை முழுவதும் உங்கள் பெயரைச் சொல்லும்.

பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஒழுங்கைகளில் அநேகமாக ஒட்டித்தான் இருக்கும். முதல் கடப்பாரை இறங்குவதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் போய், ஏற்கனவே உள்ள வெடிப்புகளை ஒவ்வோர் அறையிலும் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். அத்திவாரம் ஆழமாகப் போகிறது என்றால் ஜாவத்தை வீதியில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு இதைச் செய்விக்கலாம். அந்தப் படங்களில் ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுத்து, இரண்டு வீட்டாரும் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.